கியர் பாக்ஸ் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து ஆயில் சரிபார்க்கும் வழிமுறை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துப் பட்டறைகளில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "அண்ணே, கியர் சரியா விழ மாட்டேங்குது. பாக்ஸ் போயிடுச்சுன்னு சொல்றாங்க." பாக்ஸ் போய்விட்டதா இல்லையா என்பது லெவல் பிளக்கைத் திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. பாக்ஸை இறக்கிப் பிரித்த பிறகு, ஆயில் அரை லிட்டர் குறைவாக இருந்தது மட்டும்தான் கோளாறு என்று தெரியவந்தால், அந்தக் கூலி முழுக்க வீண்.

கியர் ஆயில் இன்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. கூடியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள். உங்கள் வண்டியில் என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் பெரும்பாலான தலைப்புகளில் லெவல் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அதை முன்னால் வைத்திருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் கையால் கியர் போடும் வண்டிகளுக்கு. ஆட்டோமேட்டிக் பற்றி பின்னால் வருகிறது.

லெவல் பார்ப்பதும் ஊற்றுவதும்

இன்ஜின் பக்கத்தில் இருக்கும் ஆயில் குச்சி இன்ஜினுக்கானது. பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸுக்குக் குச்சி கிடையாது. பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு பிளக் இருக்கும், அதன் துளைதான் அளவு. துளையின் கீழ் விளிம்புவரை ஆயில் நின்றால் சரி. கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லெவல் பார்த்தால் கணக்குத் தப்பும். ஆற்றங்கரைச் சாலை, வரப்போரம், வீட்டு வாசல் சரிவு எதுவும் உதவாது. பிட் உள்ள பட்டறையோ, நெல் களம் மாதிரி சமமாகப் போட்ட சிமெண்டுத் தளமோ நல்லது. சில வண்டிகளில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினாலே சக்கரத்தின் பின்னாலிருந்து பிளக் கைக்கு எட்டும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பக்கமும் ஒரே உயரத்தில், ஸ்டாண்டு மேல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. நம் ஊர்க் களிமண் நனைந்திருந்தால் ஜாக்கி மெல்ல உள்ளே இறங்கும், அது கண்ணுக்கே தெரியாது.

நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பிளக்கைச் சுற்றி ஒட்டியிருக்கும் சேற்றை பிரஷ்ஷால் தட்டித் துடைத்த பிறகே ஸ்பானரை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மண் உள்ளேதான் விழும். எந்த பிளக் என்பதில் கவனம் தேவை. வயர் மாட்டியிருப்பது ரிவர்ஸ் லைட் சுவிட்ச். அருகில் இருக்கும் சின்ன போல்ட்டுகள் சிலவற்றைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஸ்பிரிங்கும் குண்டும் வெளியே வந்துவிடும். சந்தேகம் இருந்தால் கையேட்டுப் படத்தைப் பாருங்கள்.

பழைய ஆயிலை இறக்கப் போகிறீர்கள் என்றால் மேலே உள்ள லெவல் பிளக்கைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். அது துருப்பிடித்துத் திரும்பவில்லை என்று, கீழே எல்லாவற்றையும் வடித்த பிறகு தெரிந்தால், வண்டியை நகர்த்தவே முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. அப்படி இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெயை அடித்து ஒரு இரவு ஊற விடுங்கள். சுத்தியால் அடிக்க வேண்டாம். பாக்ஸின் உடல் அலுமினியம், மரை போனால் லேத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

பிளக் கழன்றதும் விரலை மடக்கி உள்ளே விட்டுத் தொடுங்கள். விளிம்பிலேயே ஆயில் தட்டினால் போதும். விரல் நுனிக்கும் எட்டவில்லை என்றால் குறைவு. சிறிய கார்களில் மொத்த அளவே சுமார் 2 லிட்டர்தான், அதனால் 200 மில்லி குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு. ஊற்றுவதற்கு கை பம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான டியூப் மாட்டிய புனலை பானட் பக்கத்திலிருந்து இறக்கி மெதுவாக விடலாம். துளையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்துங்கள், வழிவது நின்றதும் பிளக்கைப் போடுங்கள். வாஷர் புதிதாக இருக்கட்டும், அதற்கு டீ காசுக்குமேல் ஆகாது. கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே என்று ஊற்றினால் ஆயில் நுரைத்து, ப்ரீதர் (பாக்ஸுக்குள் காற்று போய்வரும் சின்னத் துளை) வழியாகவும் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகவும் வெளியே தள்ளும்.

எந்த ஆயில் என்பதில் அலட்சியம் வேண்டாம். கையேட்டில் ஆயிலின் தடிமனைக் குறிக்கும் எண்ணாக 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்று ஏதோ ஒன்றும், கூடவே தரத்தைக் குறிக்க ஜிஎல்-4 என்றோ ஜிஎல்-5 என்றோ போட்டிருக்கும். எண், ஜிஎல் இரண்டும் பொருந்த வேண்டும். ஜிஎல்-5 உயர்ந்த எண் என்பதால் உயர்ந்த ஆயில் என்று நினைத்து ஜிஎல்-4 கேட்கும் பாக்ஸில் ஊற்றிவிடுகிறார்கள். அது கிரவுனுக்கென்று (பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டி) செய்த தரம். கந்தகம் கலந்த சேர்மானம் அதில் அதிகம், கியர் பாக்ஸில் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு (கியர் மாறும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்பவை) அது ஒத்துப்போகாமல் போகலாம்.

காலையில் கியர் இறுகுகிறது, ஓடியதும் சரியாகிறது

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் வெண்ணெய் மாதிரி விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிள் கிளட்ச் என்றால் கேபிளைச் சரிசெய்ய வேண்டும், ஆயில் கிளட்ச் என்றால் கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவு பார்க்க வேண்டும். இதில் கியர் ஆயிலைக் குறை சொல்வதில் பயனில்லை.

அணைத்த நிலையிலும் இறுக்கம் இருந்தால் லிவரிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கேபிளையும், அதன் முனைகளில் உள்ள புஷ்களையும் பாருங்கள். நிறுத்திப் போட்ட வண்டியில் எலி புகுந்து ரப்பரைக் கடித்து வைப்பது அறுவடைக் காலத்தில் சாதாரணம்.

இரண்டும் சரி, ஓட ஓட இளகிவிடுகிறது என்றால் அப்போது ஆயில். ஒன்று, பழசாகிவிட்டது. அல்லது தடிமனான ஆயில் உள்ளே இருக்கிறது. இந்த இரண்டாவதுதான் டெல்டாவில் அதிகம். இங்கே எந்தக் கடைத்தெருவிலும் டிராக்டருக்கு வாங்கும் 90 நம்பர், 140 நம்பர் கியர் ஆயில் சுலபமாகக் கிடைக்கும். வீட்டில் மீதமிருந்த அந்த டின்னையே காருக்கும் ஊற்றிவிடுகிறார்கள். 75டபிள்யூ-80 கேட்கும் பாக்ஸில் 140 போனால் காலையில் இரண்டாவது கியர் விழவே விழாது. குளிருக்கு அப்படித்தான் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. மார்கழி விடியலிலும் தஞ்சாவூரில் ஆயில் உறையும் அளவுக்கா குளிர்கிறது? முழுக்க வடித்து, சரியான ஆயிலைப் போடுங்கள். தடித்த ஆயிலின் மேல் மெல்லிய ஆயிலை ஊற்றிச் சமன் செய்யும் வேலை வேண்டாம்.

சரியான ஆயில் போட்டு 200, 300 கிலோமீட்டர் ஓடியும் இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. அது பாக்ஸைப் பிரிக்கும் வேலை, மெக்கானிக்கிடம் போங்கள்.

ரிவர்ஸ் போடும்போது "கர்ர்" என்கிறது

பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்று, கிளட்சை அழுத்தி, மூன்று விநாடி பொறுத்துப் போட்டுப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் கோளாறும் இல்லை, அவசரம்தான். பொறுத்தும் சத்தம் வந்தால் மேலே சொன்ன கிளட்ச் சோதனைக்குப் போங்கள். ஆயிலுக்கு இதில் பங்கு குறைவு.

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை

காரில் ஏசி போட்டிருந்தால் சொட்டுவது வெறும் தண்ணீராக இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலண்டாக இருக்கும். கருத்து இருந்தால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் தடிப்பாக, விரலில் தேய்த்து மோந்தால் கந்தக நாற்றம் வந்தால் அது கியர் ஆயில். ராத்திரி ஒரு அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தால், காலையில் எந்த இடத்திலிருந்து சொட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

பிளக்கிலிருந்து சொட்டினால் வாஷரை மாற்றினால் போதும். பாக்ஸின் மேல்பக்கம் ஈரமாக இருந்தால் ப்ரீதர் அடைத்திருக்கலாம். அதில் சேறு போய் உட்கார்ந்தால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். சுத்தம் செய்துவிட்டு, துடைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

ஆக்ஸில் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இருந்தால் ஆயில் சீல். இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு காரணம் உண்டு, வெளியூர் மெக்கானிக்குகளுக்கு இது உடனே தோன்றாது. குறுவை அறுப்பு நடக்கும்போதும், தை மாசியில் சம்பா அறுப்பிலும், கிராமச் சாலைகளில் கதிரையும் வைக்கோலையும் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஓட்டிப் போகும் காரின் ஆக்ஸிலில் வைக்கோல் கயிறாகத் திரித்துச் சுற்றிக்கொள்ளும். அது இறுகி இறுகி, சீலின் உதட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டால், ஓட ஓட சீலை அறுக்கும். அன்றே ஒழுகாது, பத்து பதினைந்து நாள் கழித்துத்தான் கறை தெரியும். அதற்குள் வைக்கோலை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

அப்படிச் சாலையில் ஓட்டிய அன்று வீட்டுக்கு வந்ததும், இன்ஜின் ஆறிய பிறகு, டார்ச் அடித்து இரண்டு ஆக்ஸிலையும் பாருங்கள். சுற்றியிருந்தால் கையால் பிரித்து எடுங்கள். கத்தி வைத்தால் பக்கத்திலிருக்கும் ரப்பர் பூட் கிழிய வாய்ப்பு உண்டு, பூட் கிழிந்தால் கிரீஸ் போய் ஜாயிண்ட் கெடும். சூடான சைலன்சரில் வைக்கோல் பட்டுத் தீப்பிடித்த கார்கள் உண்டு, அதனால் இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

சீல் மாற்ற ஆக்ஸிலை வெளியே இழுக்க வேண்டும். பழகிய கை இல்லாமல் செய்தால் புது சீலும் உட்காரும்போதே நசுங்கும், பட்டறைக்குக் கொடுப்பது நல்லது. அதுவரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால் லெவலை நிரப்பிக்கொண்டு ஓட்டலாம். ஆனால் பட்டறைக்குப் போகும்வரைக்கும்தான் அது. வாராவாரம் ஊற்றிக்கொண்டே ஓட்டினால் ஒரு நாள் மறந்துவிடும்.

இன்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஒழுகினால் இன்புட் சீலாகவோ இன்ஜினின் பின் சீலாகவோ இருக்கும். இரண்டுக்கும் பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட் ஆயிலில் நனைந்து வழுக்க ஆரம்பிக்குமுன் போய்விடுங்கள். இறக்கும்போதே கிளட்ச் செட்டையும் பார்த்துக்கொண்டால் ஒரே கூலியில் முடியும்.

தண்ணீரில் ஓடிய வண்டி, ஆயில் பால் நிறம்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஐப்பசி, கார்த்திகையில் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, முத்துப்பேட்டை பக்கத்துத் தாழ்ந்த சாலைகளில் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும். வண்டி நிற்காமல் வந்து சேர்ந்துவிட்டால் தப்பித்தோம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இன்ஜின் தப்பியிருக்கலாம். கியர் பாக்ஸ் தப்பியதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓடிவந்த பாக்ஸ் சூடாக இருக்கும். அது திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ப்ரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். சக்கரத்தின் நடுப்பகுதிவரை தண்ணீர் வந்திருந்தால் சந்தேகப்பட அதுவே போதும். பொலிரோ, ஈகோ, ஆம்னி, டாடா ஏஸ் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பின்னால் கிரவுன் தனியாக இருக்கிறது, அதற்கும் ஒரு ப்ரீதர் உண்டு. கியர் பாக்ஸைப் பார்த்துவிட்டு கிரவுனை விட்டுவிடாதீர்கள்.

சோதிக்கும் முறை இது. வண்டியை ஒரு இரவு அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், கீழே உள்ள டிரெயின் பிளக்கை ஒன்றிரண்டு மரை மட்டும் தளர்த்தி, முதலில் வரும் சொட்டுகளை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீர் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆயிலும் தண்ணீரும் ஏற்கெனவே கலக்கியிருந்தால் பிரியாமல் பால் கலந்த டீ நிறத்தில் வரும். லெவல் பிளக்கை மட்டும் திறந்து பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீர் ஆயிலைத் தூக்கிப் பிடிப்பதால் அளவு சரியாக இருப்பது போலவே தெரியும், சில நேரம் கூடுதலாகவும் தெரியும்.

தண்ணீர் இருந்தால் முழுக்க வடியுங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவ வேண்டாம், அதன் மிச்சம் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். அதே தரத்தில் புது ஆயில் ஊற்றி, 20, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூடாக இருக்கும்போதே மறுபடி வடியுங்கள். இரண்டாவது முறையும் கலங்கலாக வந்தால் மூன்றாவது முறையும் செய்ய வேண்டும். ஆயில் செலவு கசக்கத்தான் செய்யும், ஆனால் பேரிங்குகளில் துரு ஏறினால் ஆகும் செலவோடு இதை ஒப்பிடவே முடியாது. ப்ரீதரையும் அன்றே சுத்தம் செய்யுங்கள்.

கடலோரத்தில் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தால் ஒரு இரவுகூட வைக்காதீர்கள், அன்றைக்கே வடிக்க வேண்டும். வண்டி தண்ணீருக்குள்ளேயே நின்றுபோயிருந்தாலோ, இரவு முழுக்க முங்கிக் கிடந்தாலோ, சாவியைப் போடாமல் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். அங்கே இன்ஜின், பிரேக், வயரிங் எல்லாமே பார்க்க வேண்டியிருக்கும்.

ஊளைச் சத்தம்

முதலில் லெவல். குறைந்திருந்து, நிரப்பியதும் சத்தம் அடங்கிவிட்டால் நல்லது. ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

லெவல் சரியாக இருந்தும் ஊளையிட்டால் எப்போது வருகிறது என்று கேளுங்கள். நியூட்ரலில் நின்றபடி வந்து, கிளட்சை அழுத்தியதும் நின்றால் பாக்ஸின் இன்புட் பேரிங். கிளட்சை அழுத்தும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்த கியரின் பல்லோ பேரிங்கோ. எந்த கியரிலும், நியூட்ரலில் உருளும்போதும்கூட வேகத்துக்கேற்ப ஏறி இறங்கினால் சக்கர பேரிங்காக இருக்கலாம். ஆளில்லாத அகன்ற சாலையில் இடமும் வலமும் மெல்ல ஸ்டீயரிங்கை அசைக்கும்போது சத்தம் மாறினால் அந்தச் சந்தேகம் வலுக்கும்.

டிரெயின் பிளக்கில் காந்தம் வைத்த வண்டிகளில் அதன் நுனியைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். வடித்த ஆயிலில் பித்தளைப் பொடி மின்னினால் சிங்க்ரோ கரைகிறது. நகத்தில் எடுக்கும் அளவுக்கு இரும்புச் சில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். அந்தச் சில் இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டினால் பாக்ஸின் உடலே உடையலாம்.

கியர் தானாக நியூட்ரலுக்கு விழுகிறது

லிவருக்கு அடியில் மேட் தடுக்கிறதா, இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்து இன்ஜின் ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஆயில் ஊற்றி இதைச் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கிடம் போங்கள், அதுவரை பாரம் ஏற்ற வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் வண்டிகள்

ஏஎம்டி என்பது உள்ளே சாதாரண கியர் பாக்ஸ்தான், ஆயில் பார்க்கும் முறையும் பெரும்பாலும் அதேதான். ஆனால் பல வண்டிகளில் கியரைத் தள்ளும் பகுதிக்கு ஹைட்ராலிக் ஆயில் தனியாக உண்டு, அதை வீட்டில் தொட வேண்டாம். சிவிடி, டார்க் கன்வெர்ட்டர், இரட்டை கிளட்ச் வகைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி ஆயில். சாதாரண கியர் ஆயிலை அதில் கொஞ்சம் ஊற்றினாலும் பாக்ஸ் கெட்டுவிடும். இவற்றில் அளவு பார்ப்பதும் குறிப்பிட்ட வெப்பநிலையில், பல வண்டிகளில் ஸ்கேனர் மாட்டித்தான். ஒழுகலோ தண்ணீரோ சந்தேகம் என்றால் நேராக அந்த வகை வண்டி பழகியவர்களிடம் கொண்டுபோங்கள்.

ஊற்றிய பிறகு

அன்று பத்து கிலோமீட்டர் ஓட்டி பிளக்கைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து லெவலை மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் கறைத் தலைப்புக்குத் திரும்புங்கள். ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும், ஊற்றிய தரத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள், அடுத்த முறை டப்பா தேட வேண்டியதில்லை.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வயல் ஓரத்திலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கேனில் அடைத்து அருகிலுள்ள பட்டறையில் கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் கலந்ததை மட்டும் தனிக் கேனில் வைத்து, கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.